கறளும் வெக்கையும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்து பாலமுனைக்குள் நுழைகின்ற வழிப்போக்கர் ஒருவர், கச்சான் வீசுகின்ற ஜூன், ஜூலை மாதங்களின் நடுப்பகல் வேளையில் சற்றே நின்று இருமருங்கிலுமுள்ள வளவுகளை நோக்குவாராயின், ஒரு காட்சி அவர் கண்ணிற் படாமற் போகாது. வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள் இல்லை. உம்மாமாரும் ராத்தாமாரும் மாமரத்தின் கீழோ வேம்பின் கீழோ பாய் விரித்து உட்கார்ந்திருப்பர். பிள்ளைகள் கிணற்றடி ஈரத்தில் விளையாடிக்கொண்டிருப்பர். வாப்பா விற்ற வயற்காணியையும், மத்திய கிழக்கின் பாலைவனத்தில் மகன் சிந்திய வியர்வையையும் விழுங்கி எழுந்து நிற்கின்ற அந்தக் கல்வீட்டின் மண்டபத்தில், மின்விசிறி மாத்திரம் ஆளின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீடு, நிழல் மிகவும் தேவைப்படுகின்ற அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மரத்துக்கு ஈடாகவில்லையே என்ற துக்கம் பல வருடங்களாக என் மனத்தில் இருந்து வருகின்றது. அந்தத் துக்கத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

கச்சானின் கொடுமையை இக்கரையிற் பிறந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏனையோர் பொருட்டுச் சிறிது விளக்குவேன். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருகின்ற பருவக்காற்று, தான் சுமந்துவரும் நீரின் பெரும்பகுதியை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே மழையாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி, இறங்குகையில் அமுக்கத்தினால் மேலும் சூடேறி, வறண்ட பற்றைக்காடுகளையும் வயல்வெளிகளையும் தடவிக்கொண்டு அனலாக எமது ஊர்களுக்குள் பிரவேசிக்கின்றது. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பினால் சிறிது ஆறுதல் உண்டு. ஆனால் அக்காற்றோ கண்ணுக்குத் தெரியாத உப்பைச் சுமந்துகொண்டு வருகின்றது. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மாரி கொட்டித் தீர்க்கும். ஆகவே மேற்கிலிருந்து வெக்கை, கிழக்கிலிருந்து உப்பு, மேலிருந்து மழை என்னும் மூன்றையும் வருடந்தோறும் முறைவைத்துத் தாங்க வேண்டிய ஸ்தானத்தில் பாலமுனையின் ஒவ்வொரு வீடும் நிற்கின்றது.

இவற்றுக்கான பரிகாரங்களை நாம் தனித்தனியே தேடிப் பழகிவிட்டோம். ஒழுக்குக்கு மேசனையும், வெக்கைக்கு இன்னொரு மின்விசிறியையும் அழைக்கின்றோம்; மின்கட்டணம் ஏறினால் அரசாங்கத்தை வைதுவிட்டு ஓய்கின்றோம். எனது அனுபவத்தில் வீட்டைப் பழுதுபார்ப்பதும் மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதும் ஒரே வேலையாகவே இருந்து வந்திருக்கின்றன. வாஷர் தேய்ந்த குழாயும், கறள் பிடித்த தட்டும், காற்றோட்டம் அடைபட்ட முகடும் முதலில் சிறு குறைபாடுகளாகத் தோன்றி, மாதக் கடைசியில் மின்மானியின் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

எமது பாட்டன்மாரின் கிடுகு வீடு இவ்விஷயத்தில் ஒரு நல்ல ஆசானாக இருந்தது. தென்னோலை பின்னிய கிடுகு ஓரிரு வருடங்களுக்கு மேல் தாங்காது. ஆதலின் மாரிக்கு முன்னர் கூரை வேய்தல் என்பது வீட்டின் நாட்காட்டியில் தவறாத ஒரு நாளாயிற்று. வேய்கையில் வளையும் சிலாகையும் வெளியே தெரியும், உக்கிய மரம் கண்ணிற் படும், மாற்றப்படும். நோன்புப் பெருநாளுக்கு முன்னர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் வெடிப்புகளும் கறையான் தடங்களும் வெளிப்படும். வீட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று எவரும் சொல்லாமலே, வீடு தன்னைப் பரிசோதிக்கச் செய்துகொண்டது. இதைச் சொல்வதால் கிடுகு வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நான் வாதிப்பதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அடுப்பிலிருந்து பறந்த ஒரு பொறியில் வரிசை வரிசையாக வீடுகள் எரிந்த கதைகளை எமது மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1978 நவம்பர் 23இல் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி எத்தனை கூரைகளைப் பிய்த்தெறிந்தது என்பதை அந்த இரவைக் கண்ட எவரும் மறக்கவில்லை. கல்வீட்டின் மீது எமது ஜனங்கள் கொண்ட ஆசை நியாயமானது. நேர்ந்த பிழை வேறு: சீமெந்துக்குப் பராமரிப்புத் தேவையில்லை என்று நாம் நம்பியதே அப்பிழை.

இன்னுமொரு காரணத்தாலும் வீட்டுப் பழுதுகளை வீட்டாரே கற்றுக்கொள்வது இப்பிரதேசத்தில் அவசியமாகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குரியது; மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும்; மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேருவான். வந்தவன் கத்தாருக்கோ சவூதிக்கோ தொழில் தேடிப் போய்விட்டால், சொட்டும் குழாய்க்கும் அணைந்துபோன மின்குமிழுக்கும் எஞ்சுபவள் அந்தப் பெண்ணே. ஒரு வாஷர் மாற்றுவதற்கு மூன்று நாள் ஒரு தொழிலாளியின் வரவுக்காகக் காத்திருப்பதும், அந்த மூன்று நாளும் தாங்கி வழிவதும் எத்தனையோ வீடுகளில் நான் கண்ட காட்சி. ஒரு சரிசெய்குறடு, ஒரு திருப்புளி, ஒரு டெஸ்டர், ஒரு கம்பித்தூரிகை, ஒரு சிறு சாந்தகப்பை, ஒரு சுருள் டெஃப்லான் நாடா: இவ்வளவும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடங்கும். சீதனத்தோடு இந்தத் தகரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது கூரை. பாலமுனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும் சூரியன் எமது உச்சிக்கு நேரே வருகின்றது. இடைப்பட்ட மாதங்களிலும் அது அதிகம் சாய்வதில்லை. சுவர்களைவிடக் கூரையே பகலின் பெரும்பகுதியில் வெயிலை ஏற்கின்றது. தெளிந்த நடுப்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறக்குறைய 1000 வாட் வலுவுள்ள சூரிய ஒளி விழுகின்றது. நூறு சதுர மீற்றர் கூரையுள்ள ஒரு நடுத்தர வீட்டின்மீது, நூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே வேளையில் சூடேற்றப் போதுமான சக்தி இறங்குகின்றது என்று வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த உஷ்ணத்தை ஏற்ற தகரமோ அஸ்பெஸ்டஸ் தட்டோ, அடுப்பில் ஏற்றிய ரொட்டிக்கல்லைப் போலக் காய்ந்து, தன் கீழ்ப்பக்கத்தினால் எமது தலையை நோக்கி வெக்கையை வீசுகின்றது. மின்விசிறி இதற்கு என்ன செய்ய முடியும்? விசிறி காற்றைக் குளிர்விக்கும் சாதனமன்று. அது காற்றை அசைத்து, எமது தோலிலுள்ள வியர்வையை ஆவியாக்கி, அதனால் உடலுக்குக் குளிர்ச்சி தருகின்றது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி எதையும் குளிர்விப்பதில்லை. மாறாக முகட்டின் கீழ்த் தேங்கியுள்ள சூடான காற்றைக் கீழே இறக்கிவிடுகின்றது.

ஓட்டுக் கூரை உடையவர்கள் பாக்கியசாலிகள். சுட்ட மண் ஓடு மழைநீரைச் சிறிது உறிஞ்சி, வெயிலில் அதனை ஆவியாக விட்டு, அவ்வாறே குளிர்கின்றது. ஓடுகளின் இடைவெளிகளினூடே சூடான காற்றும் வெளியேறிவிடுகின்றது. உடைந்த ஓட்டை உள்ளிருந்தே தள்ளிக் கழற்றி மாற்றலாம் என்பதால், பத்து ஓடுகளை வளவின் மூலையில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாரியைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஜெப்ரி பாவா போன்ற எமது நாட்டின் கட்டடக் கலைஞர்கள் நெளிதட்டுகளின்மீது அரைவட்ட ஓடுகளைப் பதித்து, ஒழுகாத தன்மையையும் குளிர்ச்சியையும் ஒருங்கே பெற்றனர்; புதிதாகக் கூரை போட இருப்பவர்கள் இம்முறையைப் பற்றித் தச்சரிடம் விசாரித்துப் பார்க்கலாம்.

தட்டுக் கூரை உடையவர்களுக்கும் வழிகள் உண்டு. இலகுவானது வெள்ளை நிறம். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு, தன்மீது விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பாசி படர்ந்து கறுத்த தட்டோ அதில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். சீமெந்துத் தட்டுகளுக்கும் கொங்கிறீட் தளத்துக்கும் நீற்றிய சுண்ணாம்பே போதும். மாரிக்குப் பின்னர் வருடத்துக்கொரு முறை, கச்சானுக்கு முன்பாக அடித்துவிட வேண்டும். நாகம் பூசிய தகரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது, அது பூச்சை அரிக்கும். அதற்கென விற்கப்படும் வெளிர்நிறப் பெயின்ட் வேண்டும். இரண்டாவது வழி, சீலிங்குக்கு மேலே, தட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில் பளபளப்பான அலுமினியத் தாளை இழுத்துக் கட்டுதல். அதன் பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் சில மாதங்களில் தூசி படிந்து பயனற்றுப் போகும். தட்டோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளியும் இருத்தல் அவசியம். மூன்றாவது வழி செலவு மிகக் குறைந்தது: முகட்டுச் சுவர்களின் இருபுறமும் உயரத்தில் துவாரமிட்டு, எலியும் வௌவாலும் புகாதபடி வலை அடித்துவிட்டால், சூடான காற்று தானாகவே மேலெழுந்து வெளியேறும்.

அஸ்பெஸ்டஸ் தட்டு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதொன்றுண்டு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஆபத்து விளைவிப்பது அதன் நுண்ணிய நார்த்தூசி. அசையாமல் கூரையில் கிடக்கும் நல்ல தட்டினால் உடனடிப் பயம் இல்லை. ஆனால் பாசியை அகற்றவென்று காய்ந்த தட்டைக் கம்பித்தூரிகையால் சுரண்டுவதும், உலர்ந்த நிலையில் துளையிடுவதும், அறுப்பதும், உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் போடுவதும் செய்யத்தகாத காரியங்கள். தண்ணீரால் நன்றாக நனைத்து, மூக்கையும் வாயையும் தகுந்த கவசத்தால் மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் மாத்திரமே தொட வேண்டும். தட்டின்மீது நேரே கால் வைத்தால் அது முறிந்து ஆளையும் கீழே வீழ்த்தும். வளைக்கு வளை பலகை போட்டே நடக்க வேண்டும். தட்டுகளை மாற்றும் காலம் வரும்போது மீண்டும் அதையே வாங்காதிருப்பது உத்தமம்.

கொங்கிறீட் தளமிட்ட வீடுகள் இப்போது பெருகிவிட்டன. இளைய மகளுக்கு மேல்மாடி என்ற எண்ணத்தோடு, தூண்களின் தலையில் கம்பிகளை வானத்தை நோக்கி நீட்டிவிட்டு, அந்த மகள் வளரும் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அப்படியே விட்டுவைக்கப்பட்ட தளங்களை இக்கரை நெடுகிலும் காணலாம். இத்தளங்களின் இயல்பு தகரத்துக்கு எதிரானது: பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மஃரிபுக்குப் பின்னர், நாம் உறங்கப் போகின்ற நேரத்தில், அதைச் சிறுகச் சிறுகக் கக்குகின்றன. இதற்கு நிழலே மருந்து. தளத்தின்மீது பந்தலிட்டு, கீழே வளவில் நட்ட பாகலையோ புடோலையோ ஏற்றிவிட்டவர்களின் வீடுகளில் இஷாத் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து பார்த்தவன் நான். வித்தியாசம் உடலுக்கே புலப்படும். பந்தலுக்கு வசதியில்லாதவர் மூங்கிற் சட்டத்தின்மீது ஓர் அடி உயரத்தில் கிடுகு பரப்பினாலும் வெயில் தளத்தைத் தொடாது. அவ்வாறே மேற்குச் சுவரிலுள்ள சன்னலுக்கு உள்ளே தடித்த திரையைத் தொங்கவிடுவதைக் காட்டிலும் வெளியே ஒரு கிடுகுத் தட்டியைச் சாய்த்துவைப்பது மேலானது; கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெயிலைத் திரை தடுத்துப் பயனில்லை.

வேலிக்குப் பதிலாக எழுந்த மதில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடுகு வேலி அயலார் பார்வையை மறைத்தது, காற்றை விட்டது. ஆறடிச் சீமெந்து மதில் இரண்டையும் தடுத்துவிடுகின்றது. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று எமது சன்னலின் உயரத்தில் மதிலில் மோதி மேலே எழும்பிப் போய்விடுகின்றது. மதிலின் கிழக்குப் பக்கத்தில் மாத்திரமாவது துவாரமிட்ட கற்களை ஒன்றின்மேல் ஒன்று விலக்கி அடுக்கினால் மறைவும் காற்றும் ஒருங்கே கிடைக்கும்.

இனிக் கறளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தக் கதையையும் சேர்த்தே சொல்கின்றேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்தில் அதிக உயிர்களைக் கொண்டுபோயிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரான வருடங்களில் கரையோரம் முழுவதும் வீடு கட்டும் வேலை பெருவேகத்தில் நடைபெற்றது. அவசரத்தில் சில இடங்களில் கடல்மணல் கழுவப்படாமலே கலக்கப்பட்டது. கம்பிகளுக்கு மேலே இருக்க வேண்டிய கொங்கிறீட்டின் தடிப்பும் குறைந்தது. நான் அக்காலத்தில் கட்டிய விறாந்தையின் தீராந்தியில், பதினைந்தாம் வருடத்தில் ஒரு நீண்ட வெடிப்புத் தோன்றியது. அதை மேலே பூசி மூடிவிடும்படி நான் அழைத்த முதிய மேசன் காக்கா, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, மேலால பூசிட்டுப் போனா எனக்கும் லேசு, உங்களுக்கும் காசு கொறவு. ஆனா உள்ளுக்குக் கறள் இரிக்கி, ரெண்டு மாரி தாங்காது" என்றார். உடைத்துப் பார்த்தபோது விரல் தடிப்பான கம்பி பென்சில் தடிப்புக்கு மெலிந்திருந்தது.

இதன் காரணம் எளிது. நல்ல கொங்கிறீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இரும்பின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. உப்பிலுள்ள குளோரைட்டு நீரோடு சேர்ந்து நுழைந்து அப்படலத்தை அழித்துவிடுகின்றது. கறள், அது தோன்றிய இரும்பைவிடப் பலமடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உள்ளிருந்து கொங்கிறீட்டைப் பிளக்கின்றது. பிளந்த வழியால் மேலும் உப்பு நுழைகின்றது. ஆகவே பழுப்பு நிறக் கசிவும், கம்பியின் நேரே ஓடும் மயிரிழை வெடிப்பும், தட்டினால் வெற்றுப் பானைபோல் எழும் ஓசையும் அலட்சியம் செய்யத்தகாத அறிகுறிகள். சிறு கூரைவிளிம்பு போன்ற பாரம் தாங்காத இடங்களில் ஒருவர் தாமே இதைச் செப்பனிடலாம்: தளர்ந்ததை முழுவதும் தட்டி அகற்றி, கம்பியின் பின்புறமும் தெரியும்வரை தோண்டி, கம்பித்தூரிகையால் பளபளக்கும்வரை கறளைச் சுரண்டி, உப்புப் போக நல்ல நீரால் கழுவி, கறள்தடுப்புப் பூச்சிட்டு, சீமெந்துப் பால் தடவி, அது காயுமுன் ஒன்றுக்கு மூன்று என்ற கலவையில் கழுவிய ஆற்றுமணற் சாந்தை அழுத்தி நிரப்பி, ஏழு நாட்கள் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாள் ஈரத்தை விட்டுவிட்டால் முந்தைய உழைப்பு முழுவதும் வீண். தூண், தீராந்தி, தளம் ஆகியவற்றில் கம்பி மெலிந்திருந்தால் ஒரு பொறியியலாளரை அழைக்காமல் கைவைக்கக் கூடாது. வானத்தை நோக்கி நீட்டிய தூண்கம்பிகளுக்கோ இன்றே சீமெந்துப் பால் பூசி, மேலே தகரக்குவளை கவிழ்த்து அடைத்துவிடலாம். இல்லையேல் கறள் கம்பி வழியே தூணுக்குள் இறங்கும்.

பராமரிப்பாரற்ற வீட்டை இந்தக் கரை என்ன செய்யும் என்பதற்கு அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையைக் காட்டிலும் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை. ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் உதவியோடு அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. பங்கிடுவது பற்றி எழுந்த வழக்கினாலும் அதன் பின்னரான இழுபறிகளினாலும் அவை பல்லாண்டுகளாகக் குடியேறுவாரின்றிக் கிடந்தன. பற்றைகள் வாசலை மூடின. கதவுகளும் கூரைகளும் சிதைந்தன. வீடற்றோர் ஒருபுறமும் ஆளற்ற வீடுகள் மறுபுறமுமாகக் கழிந்த அந்த வருடங்களை நினைக்கையில் நெஞ்சு பதைக்கின்றது. குடியிருக்கும் ஒருவர் மாலையில் ஒரு தடவை கண்ணை ஓட்டி, சரிந்த ஒரு தட்டை நிமிர்த்தி, அடைபட்ட ஒரு பீலியைத் துப்புரவாக்கி வைப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது அவ்வீடுகளைப் பார்த்த பின்னரே எனக்கு முற்றாக விளங்கிற்று.

சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூப்பது பற்றி அநேகர் என்னிடம் விசாரிப்பதுண்டு. நிலத்தின் ஈரம் கல்லினூடே மேலேறி, சுவரின் முகத்தில் காய்ந்து, தான் கரைத்து வந்த உப்பை அங்கே விட்டுப் போகின்றது. அதன்மேல் கெட்டியான சீமெந்துப் பூச்சைப் பூசுவது பலரும் செய்யும் தவறு. அடைபட்ட ஈரம் இன்னும் ஓரடி உயரத்தில் போய் வெளிப்படும். பொரிந்த பூச்சை அகற்றி, உப்பைத் துலக்கி, சுவரோரத்து மண்ணையும் மேலிருந்து விழும் தாழ்வார நீரையும் விலக்கி, சுவர் மூச்சுவிடக்கூடிய சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவதே முறை.

மின்சாரத்துக்கு வருவோம். 2022ஆம் வருடத்தில் மின்வெட்டினால் நாம் பட்ட இருட்டையும், அவ்வருடம் ஓகஸ்டிலும் பின்னர் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பாய்ந்து ஏறியதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கட்டணத்தின் அமைப்பை விளங்கிக்கொள்வது சிக்கனத்தின் பாதி. மாதத்துக்கு 60 அலகுகளுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஓர் அட்டவணையும், அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறொரு அட்டவணையும் உண்டு. தாண்டிய ஓரிரு அலகுகளுக்காக மாத்திரமன்றி, முதலாவது அலகிலிருந்தே உயர்ந்த விலை விதிக்கப்படுகின்றது. பழைய விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்தில் இருபத்திரண்டரை அலகு. அப்படி மூன்று விசிறிகள் ஓடினாலே வீடு 60ஐத் தாண்டிவிடும், இன்னும் ஒரு விளக்குக்கூட எரியவில்லை! தற்போது கிடைக்கும் தூரிகையற்ற மோட்டார் விசிறி 30 வாட்டளவிலேயே சுழல்கின்றது. மூன்றுக்கும் சேர்த்து மாதம் 27 அலகு. பழைய 60 வாட் மின்குமிழுக்குப் பதிலாக 9 வாட் எல்ஈடி குமிழ் அதே ஒளியைத் தரும் என்பதைப் பெரும்பாலோர் அறிந்துவிட்டனர். ஆயினும் கூரையைக் குளிர்வித்தபின் விசிறி வாங்கச் செல்பவர், மூன்று வாங்க நினைத்த இடத்தில் இரண்டோடு திரும்பக்கூடும்.

ஒரு பயிற்சிப் புத்தகத்தை மின்மானியின் அருகே நூலிற் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பின் இலக்கத்தை எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். ஒரு முறை வீட்டிலுள்ள ஆளிகள் அனைத்தையும் அணைத்து, குளிர்சாதனப்பெட்டியையும் கழற்றிவிட்டு, மின்மானியைப் பாருங்கள். அப்போதும் அது அசையுமாயின் எங்கோ கசிவு உண்டு. அது மின்தொழிலாளியின் வேலை, உங்களுடையதன்று. உப்புக்காற்று இணைப்புகளைக் கறளேற்றித் தளர்த்துவதால், சூடேறும் பிளக்கும், கருகிய மணமும் இக்கரையில் சாதாரணமாக நேர்வன. அவற்றைக் கண்டால் பிரதான ஆளியை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பார்ப்பதை மாத்திரம் எவரும் செய்யலாம், செய்யவும் வேண்டும்; அழுத்தியவுடன் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அக்கருவி உங்கள் உயிரைக் காக்காது.

தண்ணீரும் இங்கே மின்சாரமே. தாங்கிக்கு ஏறும் ஒவ்வொரு வாளி நீரையும் பம்பி மின்சாரம் செலவிட்டே ஏற்றுகின்றது. சொட்டும் குழாயின் கீழே இரவில் ஒரு பாத்திரத்தை வைத்துக் காலையில் அளந்து பாருங்கள். அந்த அளவே உங்களைத் திருப்புளியை எடுக்கச் செய்யும். நீரை மேலே அடைத்துவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்த றப்பர் வாஷரை எடுத்து, அதே அளவில் புதியதை இட்டு மூடுவது கால்மணி நேர வேலை. பம்பி முன்பைவிட நீண்ட நேரம் ஓடுவதாகத் தோன்றினால், கிணற்றுக்குள் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வில் மணல் சிக்கியிருக்கக்கூடும், அல்லது உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று நுழையக்கூடும். மூட்டின்மீது சவர்க்கார நுரையைத் தடவினால் அது உள்ளே இழுபடும் இடத்தில் ஓட்டை இருக்கின்றது. ஆற்றங்கரையில் நின்று வுழூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று மதரஸாவில் சிறுவயதிலேயே கற்ற எமக்கு, இதன் அவசியத்தை இதற்கு மேல் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

குளிர்சாதனப்பெட்டியின் கதவிடையே ஒரு கடதாசியை வைத்து மூடி இழுங்கள். இலகுவாக வந்துவிட்டால் றப்பர் தளர்ந்துவிட்டது. சுடுநீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சில றப்பர்கள் மீண்டும் படிந்துகொள்ளும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, மேற்குச் சுவரையும் அடுப்பையும் தவிர்த்து வையுங்கள். குசினியில் விறகெரிப்பவர்கள் இந்நாட்டில் உருவான இருவாய் அனகி மண்ணடுப்பை வாங்கினால் விறகும் குறையும், புகையும் குறையும்.

கூரைமீது சூரியத்தகடு பொருத்துவது பற்றி 2016இல் அரசாங்கத்தின் சூரிய பல சங்கிராமம் என்னும் திட்டம் தொடங்கியதிலிருந்து எமது ஊர்களிலும் பேச்சு அதிகம். நல்ல காரியம், தகடே கூரைக்கு நிழலுமாகும். எனினும் அதைத் தாங்கவிருக்கும் வளைகளும் போல்ட்டுகளும் கறளற்று இருக்கின்றனவா என்று பார்க்காமல் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம். வாங்கும் தாங்கிகள் கறள் பிடிக்காத உலோகத்தாலானவையா என்று கேட்டு வாங்குங்கள். 1978ஐப் போன்ற ஒரு காற்று மீண்டும் வருமாயின், தளர்ந்த ஒரு போல்ட்டே கூரை முழுவதையும் பறிகொடுக்கப் போதுமானது.

எனது வீட்டில் இவ்வருட வேலை முற்றுப்பெறவில்லை. மாரிக்கு இன்னும் ஐந்து கிழமைகள் இருக்கின்றன. குசினிக்கு மேலே வடக்குப் பக்கத் தகரத்தில் மூன்று போல்ட்டுகளின் வாஷர்கள் வெயிலில் வெடித்துப் போயுள்ளன. அவற்றைக் கழற்றி, புதிய தார் வாஷர் இட்டு இறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், வெயில் தணிந்த நேரத்தில், ஏணியைப் பிடித்துக்கொள்ளப் பேரன் வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.